பிரசங்க மேடையும் பின்வரிசை மேஜையும்

இணையத்தின் வழியே பொருள் விற்று வீட்டிலிருந்தபடியே செல்வம் சேர்க்கலாம் என்று விளம்பரம் செய்து, நகரத்து ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் இலவசமாகக் கூட்டம் கூட்டி, ஒன்றரை மணி நேரப் பிரசங்கம் முடிந்ததும் மண்டபத்தின் பின்புறத்தில் போட்டிருக்கும் மேஜையண்டை போய்ப் பெயரைப் பதிந்து பணம் கட்டும்படி புதியவர்களைக் கேட்கும் வழக்கம், இணையத்தோடு கூடப் பிறந்த வழக்கமென்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அது முதிர்ந்து வளர்ந்த அமெரிக்க தேசத்தின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு பார்ப்பவர்க்கு, அதன் ஒவ்வோர் அங்கமும் இணையத்துக்கு வெகு முன்பே தனித்தனியாக உருவாகி, பின்னர் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது என்பது தெளிவாக விளங்கும். அந்தச் சரித்திரத்தில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. பிரசங்கத்துக்கு ஜனங்கள் விலை கொடுத்த காலம் போய், பிரசங்கம் இலவசமாகி, வேறொன்றுக்கு விலை வைக்கும் காலம் வந்ததே அந்தத் திருப்பம். இதை அறிந்துகொண்டவர் அந்த மண்டபங்களில் எளிதில் ஏமாற மாட்டார் என்பது என் திடமான அபிப்பிராயமாதலால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1826-ஆம் வருஷத்தில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து மில்பரி என்ற சிற்றூரில் ஜோஸையா ஹோல்ப்ரூக் என்பவர், தொழிலாளரும் குடியானவரும் மாலை வேளைகளில் கூடி அறிவு பெறுவதற்காக லைஸியம் என்ற சங்கத்தை ஆரம்பித்தார். சில ஆண்டுகளுக்குள் அது ஊர்தோறும் பரவியது. எமர்ஸன் போன்ற மகா மேதைகள் குளிர்காலம் முழுவதும் ஊர் ஊராகப் பிரயாணம் செய்து பேசியதும், அதற்குச் சன்மானம் பெற்று ஜீவித்ததும் இந்தச் சங்கங்களின் மேடைகளில்தான். 1868-ல் ஜேம்ஸ் ரெட்பாத் என்பவர் பாஸ்டன் நகரில் ஒரு காரியாலயம் அமைத்துப் பிரசங்கிகளை ஊர்களுக்கு அனுப்பும் பொறுப்பையே ஒரு தொழிலாக்கினார். 1874-ல் நியூயார்க் மாநிலத்துச் சடாக்குவா ஏரிக்கரையில், ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை ஆசிரியர்களைப் பயிற்றுவதற்காகக் கோடை வகுப்புகள் தொடங்கின. 1904 முதல் அந்த ஏரியின் பெயரையே தாங்கிய கூடாரக் குழுக்கள் ரயில் போகுமிடமெல்லாம் சென்று பேச்சும் சங்கீதமும் நாடகமும் நடத்தின. கூடாரம் வருவதற்கு முன்பே, இத்தனை டிக்கெட்டுகள் விற்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் கையெழுத்திட்டு உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விற்காவிட்டால் அந்த நஷ்டம் அவர்களுடையது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவனுக்கோ, பேச்சைக் கேட்டு வீடு திரும்புவதோடு கணக்கு முடிந்துவிடும். அதற்குமேல் அவனிடம் ஒருவரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

இந்த மேடைகளில் செல்வத்தைப் பற்றிய பேச்சும் இல்லாமற்போகவில்லை. பிலடெல்பியா நகரத்துப் பாதிரியாரான ரஸல் கான்வெல், 'வைர வயல்கள்' என்ற பொருளில் ஒரே பிரசங்கத்தை 6,000 தடவைக்கு மேல் நிகழ்த்தினார் என்று கேட்டால் நம்மவர்க்கு ஆச்சரியமாயிருக்கும். வைரம் தேடித் தன் நிலத்தை விற்றுவிட்டுத் தேசாந்தரம் போய் மாண்ட ஒருவனுடைய அந்த நிலத்திலேயே பிற்பாடு கோல்கொண்டாவின் வைரச் சுரங்கம் வெளிப்பட்டது என்பது அவர் சொன்ன கதை. கிருஷ்ணை நதிக்கரையில் வைரம் எடுத்த வரலாற்றை அறிந்த நமக்கு, அதற்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தமில்லையென்று உடனே தெரியும். செல்வம் சேர்ப்பது ஒவ்வொருவருக்கும் கடமை, அதற்கு வேண்டியது அவரவர் இருக்குமிடத்திலேயே இருக்கிறது என்று அவர் போதித்ததை முழுவதும் ஏற்றுக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. ஏழ்மையை ஏழையின் குற்றமாக்கிவிடும் அபாயம் அந்தப் போதனையில் இருக்கிறது. ஆயினும் ஒரு விஷயத்தில் அவருக்கு வணக்கம் செலுத்த வேண்டும். பிரசங்கத்தால் வந்த வருமானத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குச் செலவிட்டார். இரவு நேரத்தில் உழைப்பாளிகளுக்குப் பாடஞ்சொல்ல அவர் ஆரம்பித்த வகுப்புகளே இன்று டெம்பிள் சர்வகலாசாலையாக விளங்குகின்றன. நீ இருக்குமிடத்திலேயே தேடு என்று சொன்ன அவர், என்னோடு வந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

1912-ல் நியூயார்க் நகரத்தில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கட்டடமொன்றில் டேல் கார்னகி மேடைப் பேச்சு கற்பிக்கத் தொடங்கியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வகுப்புக்கு வந்த குமாஸ்தாவும் விற்பனையாளரும் எழுந்து நின்று பேச வேண்டியிருந்தது. பேச்சு வந்ததா வரவில்லையா என்பது அந்த அறையிலேயே அவர்களுக்கும் மற்றவர்க்கும் தெரிந்துவிட்டது. கற்பித்தவரின் வித்தை மாணவனிடம் பலித்ததா என்று பணம் கொடுத்தவன் அங்கேயே பரீக்ஷித்துக்கொள்ள முடிந்தது. பணம் சம்பாதிக்கும் வழியைக் கற்பிப்பதாகச் சொல்லும் வகுப்புகளில் இந்தப் பரீக்ஷை, பணம் கட்டிப் பல மாதங்களான பிறகே நடக்கிறது. அப்பொழுது ஆசிரியர் வேறு ஊரில், வேறு மண்டபத்தில் பேசிக்கொண்டிருப்பார்.

நான் மேலே சொன்ன திருப்பம் ஏற்பட்ட இடமாக ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால், பிளாரிடா மாநிலத்து மயாமிக்கு அருகிலுள்ள கோரல் கேபிள்ஸ் என்ற ஊரைச் சுட்டிக்காட்டுவேன். 1920-களின் நடுவில் அந்த மாநிலம் முழுவதும் நில வியாபார வெறி பரவியிருந்தது. ஜார்ஜ் மெரிக் என்பவர் அழகான ஒரு நகரத்தைத் திட்டமிட்டு மனைகளை விற்கத் தொடங்கி, தூரத்து நகரங்களிலிருந்து ஜனங்களைத் தம் சொந்த பஸ்களில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் கேட்டு மகிழும்படி, பவளப் பாறை வெட்டியெடுத்த குழியைத் தடாகமாக்கி, அதன் கரையில் பிரசங்கம் செய்ய அவர் அமர்த்தியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1896, 1900, 1908 ஆகிய மூன்று தேர்தல்களில் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர். தேசத்தின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர். சடாக்குவாக் கூடாரங்களில் அவருக்கு நிகரான பிரசங்கி இல்லையென்று பெயர் பெற்றவர். அப்பேர்ப்பட்டவருடைய வாக்கை இப்பொழுது ஜனங்கள் காசு கொடாமல் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் மனை விற்பவர்கள் அவர்களை அணுகினார்கள். 1926 செப்டம்பரில் மயாமியைச் சூறையாடிய புயலோடு அந்த வெறி அடங்கிப் பல குடும்பங்கள் நிர்க்கதியாயின. என்றாலும் மெரிக்கின் மனைகள் மெய்யான மனைகளே. அவர் கட்டிய நகரம் இன்றும் மரநிழலோடு அழகாக நிற்கிறது. பிரசங்கத்தைத் தூண்டிலாக்கியது அங்கே நிகழ்ந்த மாற்றம். விற்ற பொருள் இன்னும் கண்ணால் காணக்கூடிய பொருளாகவே இருந்தது.

அந்தப் பொருளும் மறைந்து, பாடமே விற்பனைச் சரக்காகிய காலம் 1960-களின் இறுதியில் வந்தது. தென் கரோலினா மாநிலத்தில் வாரக் குத்தகைக் குடியானவன் வீட்டில் பிறந்து, பிளவுபட்ட உதட்டோடும் திருந்தாத உச்சரிப்போடும் வளர்ந்து, தையல் இயந்திரம் விற்றுத் திரிந்த க்ளென் டர்னர் என்பவர், 1967-ல் பிளாரிடாவில் அழகுச் சாதன வியாபாரம் ஒன்றை ஆரம்பித்தார். பிற்பாடு அதன் கிளையாக, 'மகத்துவம் பெறத் துணிக' என்ற பொருள்படும் பெயரோடு தன்னம்பிக்கைப் பாடங்களை விற்கும் ஸ்தாபனத்தையும் தொடங்கினார். முதற்படிப் பாடத்துக்கு 300 டாலர். அதற்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில நாடாக்களும் கிடைக்கும். இரண்டாம் படிக்கு 700, மூன்றாம் படிக்கு 2,000, நான்காம் படிக்கு 5,000 டாலர் என்று ஏணி உயர்ந்துகொண்டே போகும். மேற்படிகளை வாங்கியவர், புதியவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து வந்து, அவர்கள் பாடம் வாங்கும்போது கமிஷன் பெறலாம். கூட்டத்துக்கு வருகிறவர் விலையுயர்ந்த உடையுடுத்தி, புதிய கார் ஓட்டி, கைநிறையப் பணம் வைத்திருந்து, செல்வம் வந்துவிட்டதுபோலத் தோன்ற வேண்டும், மெய்யாகவே வரும்வரையில் அப்படியே நடிக்க வேண்டும் என்பது அங்கே கற்பிக்கப்பட்ட முதற்பாடம். ஆகவே ஒரு புதியவர் மண்டபத்தில் நுழைந்ததும் தம்மைச் சுற்றிலும் கண்ட செழிப்பு, தம்மைப்போலவே கடன்பட்டுப் பணம் கட்டி, இனி வருபவரை நம்பியிருந்தவர்களின் வேஷமாக இருந்தது.

இந்த ஏணியைக் குறித்து நடந்த வழக்கில் 1973-ல் ஒன்பதாம் வட்டார மேல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இன்றும் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பாகும். பணம் கட்டியவர் உண்மையில் வாங்கியது ஒலிநாடாவும் பாடமும் அன்று, பிறர் நடத்தும் கூட்டங்களில் நடக்கும் விற்பனையின் வருமானத்தில் ஒரு பங்கே என்றும், ஆதலால் அது முதலீட்டு ஒப்பந்தமென்றும் நீதிபதிகள் கண்டார்கள். டர்னர் பின்னொரு காலத்தில் வேறொரு திட்டத்துக்காக 1987-ல் அரிஸோனா மாநிலத்தில் குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டு 7 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் மனப்பூர்வமாகவே தம் போதனையை நம்பியவர் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் ஏணியின் அமைப்பு அப்படிப்பட்டது; அதை நடத்துபவருடைய நெஞ்சம் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் கடைசிப் படியில் நிற்பவர் நஷ்டமடைந்தே தீர வேண்டும்.

இதற்கிடையில் தபால் மூலமும் பாட வியாபாரம் வளர்ந்தது. 1973-ல் ஜோ கார்போ என்ற கலிபோர்னியாவாசி, சோம்பேறியும் செல்வனாகலாம் என்ற கருத்தில் எழுதிய புத்தகத்தைப் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் செய்து 10 டாலருக்கு விற்றார். விளம்பரத்தாலும் தபாலாலும் பொருள் விற்பதெப்படி என்பதே அந்தப் புத்தகம் கற்பித்த வழி. 1984-ல் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை அரசாங்கம் நீக்கியதும், நள்ளிரவுக்குப் பின் அரைமணி நேர விளம்பரங்கள் தோன்றி, முன்பணமில்லாமல் வீடு வாங்கி விற்கும் வித்தையை உறக்கமற்றவர்களுக்குப் போதித்தன. போதனையின் முடிவில், அருகிலுள்ள ஹோட்டலில் நடக்கும் இலவச வகுப்புக்கு அழைப்பு வரும். இணையம் வந்தபோது ஏணியும் மண்டபமும் அழைப்பும் இப்படித் தயாராகக் காத்திருந்தன.

1994 ஏப்ரலில் அரிஸோனா மாநிலத்து வழக்கறிஞர்களான லாரன்ஸ் கான்டர், மார்த்தா ஸீகல் என்ற தம்பதிகள், குடியேற்ற அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஓர் அறிவிப்பை, யூஸ்நெட் என்ற பொதுவெளியில் ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பினார்கள். அந்தக் குலுக்கலுக்கு எவரும் வழக்கறிஞர் உதவியின்றித் தாமே விண்ணப்பிக்கலாம் என்பது, அறிவிப்பைக் கண்ட வெளிநாட்டவர் பலருக்குத் தெரிந்திராது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவர்களோ லட்சம் டாலர் வருமானம் வந்ததாகப் பெருமையோடு கூறி, இணைய விளம்பரத்துக்கு யோசனை சொல்லும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கி, புதிய தகவல் நெடுஞ்சாலையில் செல்வம் ஈட்டுவதெப்படி என்று மற்றவர்க்குக் கற்பிக்கும் புத்தகத்தையும் வெளியிட்டார்கள். 1997-ல் டென்னஸி மாநிலம் கான்டரின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த விளம்பரமும் அதற்கு ஒரு காரணம். இணையத்தில் வியாபாரம் இன்னும் சரியாக ஆரம்பமாகாத காலத்திலேயே, அதைக் கற்பிக்கும் வியாபாரம் ஆரம்பமாகிவிட்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறேன்.

1995 ஏப்ரல் இறுதியில், வியாபாரத்துக்கு இடங்கொடாமல் இணையத்தின் முதுகெலும்பாக இருந்துவந்த அரசாங்க வலை ஓய்வு பெற்றது. 1996-ல் அமேஸான், பிறர் அனுப்பும் வாடிக்கையாளருக்குக் கமிஷன் கொடுக்கத் தொடங்கியது. 2000 அக்டோபரில் கூகுளின் விளம்பர ஏற்பாடு வந்தது. மெய்யாகவே தொழில் செய்து பிழைத்தவர்களும் அக்காலத்தில் அநேகர் இருந்தார்கள். அவர்களில் சிலர் தாம் அறிந்ததை நேர்மையோடு, வெளிப்படையான கட்டணத்துக்குக் கற்பித்ததையும் மறுக்கலாகாது. ஆனால் மண்டபத்துச் செமினார்களின் பொருளாதாரம் வேறு. பலர் பேசும் இத்தகைய செமினார்களில் பேச்சாளருக்குச் சன்மானம் பெரும்பாலும் கிடையாது. மேடையிலிருந்து அவர் விற்கும் பாடத்தின் தொகையை அவரும் கூட்டத்தை நடத்துபவரும் பங்கிட்டுக்கொள்வதே வழக்கம். இதன் பலன் யாது? எவர் அதிகம் அறிந்தவர் என்று பார்த்து நடத்துபவர் பேச்சாளரை அழைப்பதில்லை. எவர் பேசினால் பின்வரிசை மேஜையில் அதிகம் பேர் பணம் கட்டுவார்கள் என்று பார்த்தே அழைக்கிறார். அறிவைக் கொடுத்துவிட்ட பேச்சாளரிடம் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாதாகையால், எது செய்யலாம் என்பதை மட்டும் சொல்லி, எப்படிச் செய்வது என்பதை விலைக்கு வைத்துக்கொள்கிறார். புதியவர் நாள் முழுவதும் குறிப்பெழுதிக்கொண்டு வீடு போய்ப் பார்த்தால், குறிப்பேட்டில் ஒரு காரியமும் தொடங்கப் போதுமான விவரம் இராது.

மண்டபத்தின் முறையும் டர்னர் காலத்திலிருந்து பெரிதும் மாறவில்லை. சாமானிய மனிதர் சிலரின் வெற்றிக் கதைகள் முதலில் வரும். பிறகு முழு விலை பெரிய எழுத்தில் காட்டப்படும். பிறகு இன்று மட்டும், முதலில் எழுந்து வரும் சிலருக்கு மட்டும் என்று அந்த விலை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் இறங்கும். யாரோ சிலர் எழுந்து பின்னால் ஓடுவார்கள். அவர்களைக் கண்டு மற்றவர்களும் எழுவார்கள். கையில் பணமில்லையென்பாரிடம் கிரெடிட் கார்டின் வரம்பை உயர்த்தச் சொல்வதும் உண்டு. நன்கு யோசித்துச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை யோசிக்க நேரமின்றிச் செய்விப்பதே இத்தனை ஏற்பாட்டின் நோக்கம்.

யூட்டா மாநிலத்து ஓரம் நகரை இருப்பிடமாகக் கொண்ட ஸ்டோர்ஸ்ஆன்லைன் என்ற ஸ்தாபனம், இலவசச் சாப்பாட்டோடு முன்னோட்டக் கூட்டம் நடத்தி, பிறகு முழுநாள் வகுப்பில் இணையக் கடை அமைக்கும் உரிமையை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. பல மாநிலங்களின் சட்ட அதிகாரிகள் அதன்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். 2005-ல் இணையப் பாடங்களோடு ஆரம்பமான டிரம்ப் யுனிவர்சிட்டி, பிற்பாடு ஹோட்டல் மண்டபங்களுக்கு வந்து, இலவச வகுப்பு, 1,495 டாலருக்கு மூன்று நாள் வகுப்பு, 34,995 டாலர் வரை தனிப் பயிற்சி என்று ஏணி அமைத்தது. தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2016-ல் 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. ஆனால் டர்னரின் ஏணி முழு உருவத்தோடு திரும்பி வந்தது மோப் என்ற சுருக்கப் பெயருடைய ஸ்தாபனத்தில்தான் என்று தோன்றுகிறது. மலேசியாவோடு தொடர்புடைய அந்த ஸ்தாபனம், இணைய வியாபாரத்தை 21 படிகளில் கற்பிப்பதாகச் சொல்லி 49 டாலருக்கு ஆரம்பிக்கும். ஒவ்வொரு படியிலும் 'பயிற்சியாளர்' என்பவர் தொலைபேசியில் வந்து அடுத்த உறுப்பினர் பதவியை வாங்கத் தூண்டுவார். வெள்ளி, தங்கம், டைட்டானியம், பிளாட்டினம் என்று ஏறி, வைரப் பதவிக்கு ஏறக்குறைய 30,000 டாலர். வாங்கியவர் சம்பாதிக்க வேண்டிய வழியோ, அதே பதவிகளைப் பிறருக்கு விற்பதுதான். கான்வெல் தம் கேட்போரைத் தேடச் சொன்ன வைரம் இங்கே விலைச்சீட்டின் கடைசி வரியாகிவிட்டது. முதியோரையும் ராணுவச் சேவையிலிருந்தோரையும் குறிவைத்து 12 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்ததாகக் குற்றஞ்சாட்டி, 2018 ஜூனில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் நீதிமன்றத்தின் மூலம் அதை நிறுத்தியது. 2022-ல் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தரப்பட்டது. இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு, நீதி கிடைத்த பின்னும் புதியவர்கள் இழந்தது எவ்வளவு என்பது தெரியும்.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. தபால் மூலம் மோசடி செய்வதை 1872-லேயே குற்றமாக்கினார்கள். 1914-ல் மேற்சொன்ன கமிஷன் ஏற்பட்டது. 1972-ல் வகுத்து 1974 முதல் அமலுக்கு வந்த ஒரு விதியின்படி, விற்பவர் தமது நிரந்தரக் கடைக்கு வெளியே, ஹோட்டல் போன்ற இடத்தில் செய்த விற்பனையை வாங்கியவர் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். ஆனால் மண்டபத்தில் ஏறிய உற்சாகம் மூன்று நாளில் இறங்குவதில்லை. முழுவதும் இணையத்திலோ தொலைபேசியிலோ நடக்கும் விற்பனைக்கு அந்த விதி பொருந்துவதுமில்லை. 2012-ல் அமலான இன்னொரு விதி, தொழில் வாய்ப்பு விற்பவர் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று சொன்னால் அதற்கு ஆதாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டுமென்றும், வேண்டிய விவரங்களைப் பணம் வாங்குவதற்கு 7 நாள் முன்பே தர வேண்டுமென்றும் கூறுகிறது. விற்பவரும் தாம் விற்பது தொழில் வாய்ப்பன்று, கல்வி என்று சொல்லி நழுவப் பார்க்கிறார். ஒரு நூற்றாண்டுக் காலமாகப் பிரசங்க மேடைக்கு இருந்துவந்த கௌரவம் அவருக்குக் கவசமாகிறது.

இந்த மண்டபங்களுக்கு வருகிறவர்களைப் பேராசைக்காரர் என்று இகழ்வது எனக்குச் சம்மதமில்லை. வேலை இழந்தவர், ஓய்வூதியம் போதாதவர், குழந்தையை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத தாய் முதலியோரே பெரும்பாலும் வருகிறார்கள். அவர்களிடம் பணம் குறைவு; முயற்சியும் கற்கும் ஆவலும் நிறைய. கற்றுக்கொண்டதும் நிலைப்பதில்லை என்பது இத்தொழிலின் இன்னொரு கஷ்டம். 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது, அதுவரை நம்பி உபயோகித்த பல உபாயங்கள் ஒரே இரவில் பயனற்றுப்போயின. அவற்றை முந்தின வாரம் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் கற்றவர்க்கு எவரும் ஈடு செய்யவில்லை. விற்க ஒரு நல்ல பொருளும் அதை விரும்பும் வாடிக்கையாளரும் இருந்தால், வேண்டிய உபாயங்களை அவ்வப்போது குறைந்த செலவில் கற்றுக்கொள்ளலாம். பொருளும் வாடிக்கையும் இல்லாதவர்க்கு எந்த உபாயமும் உதவாது. அந்த ஒன்றைத்தான் மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

நம் நாட்டு நகரங்களிலும் இப்பொழுது ஹோட்டல் மண்டபத்திலும் கைபேசித் திரையிலும் இத்தகைய இலவச வகுப்புகள் நாள்தோறும் நடக்கின்றன. போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. போய்க் கேளுங்கள், பணப்பையைக் கொண்டுபோகாதீர்கள். கடைசியில் மேஜைப் பக்கம் அழைக்கும்போது பேசியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, சென்ற வருஷம் தங்களுக்கு இந்தத் தொழிலால் வந்த வருமானம் எவ்வளவு, இந்தத் தொழிலைக் கற்பித்ததால் வந்தது எவ்வளவு? அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.